மலைமேல் கிருமி நீக்கம்: கொதிநீரா, குக்கரா, மருந்தா, பாக்கெட்டா?

ஊட்டியில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும், பருப்பு மட்டும் மசியாது. உயரம் கூடக்கூடக் காற்றின் அழுத்தம் குறைவதால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. கடற்கரையில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். கொடைக்கானலிலும் ஏறக்குறைய அதே கணக்குதான். குன்னூரில் 94க்குப் பக்கம். கூடலூர் கீழே இருப்பதால் 96க்குக் கொஞ்சம் மேலே.

சமையலறையில் இதற்கு எல்லோரும் வழி கண்டுவிட்டார்கள். ஆனால் எஸ்டேட் டிஸ்பென்சரிகளிலும், ஒரு டாக்டர் ஒரு சிஸ்டர் என்று நடக்கும் சின்ன கிளினிக்குகளிலும், வீடு வீடாகப் போய்ப் புண் கட்டும் குழுக்களிலும், சமவெளிக்காக அச்சடித்த குறிப்புகளை வைத்துத்தான் பல இடங்களில் இன்னும் கருவிகளைச் சுத்தம் செய்கிறார்கள். நான் இந்த மலைகளில் நர்ஸாக வேலை பார்த்தவள். “எதை வாங்கலாம் சிஸ்டர்?” என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்கிறேனோ அதையே காரணங்களோடு இங்கே எழுதுகிறேன். பெரிய மருத்துவமனைகளுக்கு இது தேவைப்படாது. அங்கே இதற்கென்றே தனிப் பிரிவும் ஆட்களும் இருக்கிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்ன கிளினிக்குக்கும் டிஸ்பென்சரிக்கும் கேஸ் அடுப்பில் வைக்கும் ஆட்டோகிளேவ், அதாவது அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் குக்கர். வீட்டுக்குப் போகும் குழுவுக்குக் கிருமி நீக்கி வரும் ரெடிமேட் பாக்கெட். கொதிநீருக்கு ஒரு சின்ன இடம் உண்டு. மருந்தில் ஊறவைப்பதை அன்றாட வழக்கமாக வைத்திருப்பவர்கள், முடிந்தவரை விட்டுவிடுவது நல்லது.

எந்தப் பொருளுக்கு எவ்வளவு சுத்தம்

எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கிருமி நீக்கம் தேவையில்லை. எர்ல் ஸ்பால்டிங் என்ற அமெரிக்கர் வகுத்துக் கொடுத்த பாகுபாட்டை 1968இலிருந்து உலகம் முழுவதும் பின்பற்றுகிறார்கள். தோலைக் கிழித்து உள்ளே போகும் கத்தி, ஊசி, தையல் போடும் ஃபோர்செப்ஸ் ஆகியவற்றில் ஒரு கிருமிகூட உயிரோடு இருக்கக் கூடாது. வாய், பிறப்புறுப்பு போன்ற ஈரச் சவ்வுகளைத் தொடும் கருவிகளில் ஸ்போர் தவிர மற்றவை செத்திருக்க வேண்டும். முழுத் தோலை மட்டும் தொடும் பிபி பட்டை, பெட்பேன், கட்டில் கம்பி போன்றவற்றைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தாலே பெரும்பாலும் போதும்.

ஸ்போர் என்பது சில பாக்டீரியாக்கள் கெட்டியான ஓடு போர்த்திக்கொண்டு உறங்கும் நிலை. ரண ஜன்னியை உண்டாக்கும் கிருமி அப்படித்தான் மண்ணிலும் சாணத்திலும் காலங்காலமாகக் கிடக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் கவாத்துக் கத்தி பட்டு வரும் காயமும், கேரட் தோட்டத்தில் மண்வெட்டி பட்டு வரும் காயமும் மண்ணோடுதான் வருகின்றன. ஆகவே ஸ்போரைக் கொல்லுமா கொல்லாதா என்ற கேள்வி இங்கே ஏட்டுக் கேள்வி அல்ல.

இன்னொன்று, எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் வேலை கழுவுவதுதான். காய்ந்த ரத்தமும் சீழும் ஒட்டியிருந்தால் அதற்கு அடியில் இருக்கும் கிருமியை நீராவியும் தொடாது, மருந்தும் தொடாது. கத்தரியையும் ஃபோர்செப்ஸையும் விரித்து வைத்து, தண்ணீருக்கு அடியிலேயே பிரஷ் போட வேண்டும். நம்முடைய ஊர்க் குளிரில் இந்த வேலைதான் முதலில் குறையும். ஐஸ் போன்ற தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு யாரால் பொறுமையாகத் தேய்க்க முடியும்? ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஏற்பாடு செய்து கொடுங்கள். சூடான தண்ணீர் வேண்டாம், ரத்தம் உறைந்து கருவியோடு ஒட்டிக்கொள்ளும்.

கொதிநீர்

மலையில் தண்ணீர் 92 டிகிரியில் கொதிப்பதால் கருவியைக் கொதிக்க வைப்பதே வீண் என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. பெரிய மருத்துவமனைகளில் கருவி கழுவும் இயந்திரங்களே 90 டிகிரியில் 5 நிமிடம் வைப்பதை ஏற்றுக்கொண்ட அளவாக வைத்திருக்கின்றன. சாதாரண பாக்டீரியாவும் ரத்தத்தில் பரவும் வைரஸ்களும் அந்தச் சூட்டில் தாக்குப்பிடிப்பதில்லை. ஊட்டியிலும் நன்றாகக் கழுவிய கருவியை அரை மணி நேரம் கொதிக்கவிட்டால் அந்த வேலை நடந்துவிடும்.

பிரச்சினை ஸ்போர்தான். அது சென்னையின் 100 டிகிரியிலேயே சாகும் என்று நம்ப முடியாது, ஊட்டியில் கேட்கவே வேண்டாம். அதோடு, கொதிநீரிலிருந்து எடுத்த கருவி ஈரமாக இருக்கும். அதைப் பொதிந்து வைக்க முடியாது. எடுத்த உடனே பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் செய்த வேலை போயிற்று. அதனால் கிட்னி டிரே, கிண்ணம், வாய் பார்க்கும் கருவி போன்றவற்றுக்குக் கொதிநீர் சரி. தையல் போடும் செட்டுக்கு வேண்டாம்.

மருந்தில் ஊறவைப்பது

வார்டுகளில் சைடெக்ஸ் என்று சொல்லிப் பழகிய குளுடரால்டிஹைடு பல கிளினிக்குகளில் மேசை மேலேயே ஒரு டப்பாவில் இருக்கும். கருவியைப் போடு, கொஞ்ச நேரம் கழித்து எடு என்று வேலை சுலபமாகத் தெரிவதால்தான் எல்லோருக்கும் அது பிடித்திருக்கிறது.

லேபிளை நிதானமாகப் படித்துப் பாருங்கள். 20 நிமிடத்திலிருந்து 45 நிமிடம் வரை ஊறினால் கிடைப்பது ஸ்போர் தவிர்த்த சுத்தம்தான். ஸ்போரும் சாக வேண்டும் என்றால் 10 மணி நேரம் ஊற வேண்டும். அந்தக் கணக்கும் மருந்து 20 அல்லது 25 டிகிரி சூட்டில் இருந்தால்தான் பொருந்தும். மார்கழியில் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் கிளினிக் அறையே 10, 12 டிகிரியில் கிடக்கும் காலை நேரத்தில், டப்பாவில் இருக்கும் மருந்தும் அதே குளிரில்தான் இருக்கும். வேதி வினை குளிரில் மந்தமாகும். லேபிளில் போட்டிருக்கும் நிமிடங்களை நம்பி எடுக்கும் கருவி பாதிச் சுத்தத்தில் வந்திருக்கலாம். பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது என்பதுதான் இதில் எனக்குப் பெரிய கவலை.

அப்புறம் அதன் ஆவி. கண் எரியும், மூக்கு எரியும், நாள்பட்டால் ஆஸ்துமாவே வரலாம். காற்றோட்டமான இடத்தில்தான் இதைத் திறக்க வேண்டும். குளிருக்குப் பயந்து கதவையும் ஜன்னலையும் சாத்தி வைத்திருக்கும் மலை அறையில் அந்த ஆவி முழுவதும் அங்கே வேலை செய்யும் பெண்ணின் நெஞ்சுக்குள்தான் போகும். கலக்கிய மருந்து பெரும்பாலும் 14 நாளில் வீரியம் இழக்கும். தேதி எழுதாத டப்பாவை நான் எங்கே பார்த்தாலும் கொட்டச் சொல்லிவிடுவேன். ஊறிய கருவியைக் கிருமியில்லாத தண்ணீரில் அலச வேண்டும் என்பதும் உண்டு. அந்தத் தண்ணீருக்கே ஆட்டோகிளேவ் வேண்டும் என்றால் பிறகு கருவியையே அதில் வைத்துவிடலாமே.

சூடு தாங்காத எண்டோஸ்கோப் போன்றவை இருக்கும் இடத்துக்கு இந்த மருந்து தேவை. சின்ன கிளினிக்கில் அப்படி எதுவும் இருப்பதில்லை.

பிளீச்சிங் பவுடர் கரைசல் தரையில் சிந்திய ரத்தத்துக்கு நல்லது. கருவியை அரித்துவிடும். மழைக்கால ஈரத்தில் திறந்து வைத்த பவுடர் சீக்கிரமே வீரியம் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். நீல விளக்கு எரியும் யூவி பெட்டி கிருமி நீக்கும் கருவி அல்ல. ஃபார்மலின் மாத்திரை போட்ட டப்பாவும் அப்படித்தான், அந்த வாயு புற்றுநோய்க் காரணி வேறு. இரண்டிலும் பணத்தைப் போடாதீர்கள்.

நீராவி: மீட்டர் சொல்வதும் சொல்லாததும்

அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவை 1879இல் உருவாக்கியவர் சார்ல்ஸ் சாம்பர்லேண்ட். லூயி பாஸ்டரோடு வேலை செய்தவர். அந்தப் பாஸ்டரின் பெயரில் குன்னூரில் 1907இலிருந்து நடக்கும் நிறுவனத்தை இங்கே நாய்க்கடி ஊசியை வைத்து எல்லோருக்கும் தெரியும். 140 ஆண்டுகளுக்கு மேலாகியும் நீராவியை விட நம்பகமான, மலிவான முறை வேறு வரவில்லை.

புத்தகங்களில் இருக்கும் கணக்கு இது: சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி, பொதியாத கருவிக்கு 20 நிமிடம், துணியில் பொதிந்ததற்கு 30 நிமிடம். இதில் கிருமியைக் கொல்வது 121 டிகிரிதான். 15 பவுண்டு என்பது கடல் மட்டத்தில் அந்தச் சூடு வந்துவிட்டது என்பதற்கான அடையாளம் மட்டுமே. மீட்டர் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே எவ்வளவு அழுத்தம் என்பதை. வெளிக்காற்றே மெலிந்திருக்கும் ஊட்டியில் முள் 15இல் நின்றாலும் உள்ளே சுமார் 117 டிகிரிதான் இருக்கும்.

நாலு டிகிரிதானே என்று விட்டுவிட முடியாது. நீராவியில் ஸ்போர் சாகும் வேகம் 10 டிகிரி குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிவிடும். அந்தக் கணக்கில் 4 டிகிரி குறைவு என்றால் இரண்டரை மடங்கு நேரம் தேவை. 30 நிமிடத்தில் முடிய வேண்டியது ஒன்றேகால் மணி நேரம் கேட்கும். சமவெளியில் பயிற்சி முடித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும்.

திருத்தம் சுலபம். ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் அரைப் பவுண்டு கூட்டிக்கொள்ள வேண்டும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 18.5 பவுண்டிலிருந்து 19க்குள். குன்னூர், கோத்தகிரிக்கு 18. கூடலூருக்கு 17. இந்த எண்ணைப் பெரிதாக எழுதி ஆட்டோகிளேவுக்கு மேலே சுவரில் ஒட்டிவிடுங்கள். வாங்கிய சாதனத்தின் வால்வு 15இலேயே திறந்துகொள்ளும் வகை என்றால் அதன் மேல் எதையும் வைத்து அழுத்தாதீர்கள், வெடித்துவிடும். அப்போது நேரத்தைத்தான் நீட்ட வேண்டும்.

அழுத்தத்தை விடவும் அதிகம் பேர் கோட்டைவிடுவது உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுவதில். மூடியதும் வால்வைப் போட்டுவிட்டால் காற்று உள்ளேயே தங்கிவிடும். முள் ஏறும், ஆனால் காற்று தங்கிய இடத்தில் சூடு ஏறாது. நீராவி சீராக, பலமாக 5 நிமிடத்துக்குக் குறையாமல் வெளியே போன பிறகுதான் வால்வை மூட வேண்டும். துணியும் கருவியும் அடுக்கி உள்ளே வைக்கும் டிரம்மை அமுக்கி அமுக்கி நிரப்பக் கூடாது. நீராவி துணிகளுக்கு நடுவே புகுந்து போக இடம் வேண்டும்.

இனி எந்த வகை ஆட்டோகிளேவ் என்ற கேள்வி. கேஸ் அடுப்பில் வைக்கும் குக்கர் வடிவ ஆட்டோகிளேவ் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. மின்சாரம் வேண்டாம். மரம் விழுந்து கம்பி அறுந்து நாள் முழுக்கக் கரண்ட் இல்லாத ஆடி மாதத்திலும் வேலை செய்யும். குறை என்னவென்றால் பொதி ஈரமாக வரும். ஈரமான துணி வெளிக் கிருமியை உறிஞ்சி உள்ளே கொண்டுபோகும், அதைக் கிருமி நீக்கியதாகக் கணக்கிடவே கூடாது. நீராவியை வெளியேற்றியதும் மூடியை லேசாகத் திறந்து, சூடு தணியும்வரை அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். தேவாலா, பந்தலூர் பக்கம் மழைக்காலத்தில் அதுவும் போதாது. சிறிய பொதிகளாகக் கட்டி, ஒரு தடவைக்குக் குறைவாக வைப்பதுதான் வழி. காய்ந்ததை வைக்கும் அலமாரிக்குள், பூஞ்சை வராமல் இருக்கத் துணி பீரோவில் நாம் செய்வது போலவே, ஒரு சின்ன பல்பு எரியட்டும்.

தானாக இயங்கும் டேபிள் டாப் ஆட்டோகிளேவ் இதை விட மேல். சூட்டை அளந்து இயங்கும் வகையில் உயரக் கணக்கு பெரிய தலைவலி இல்லை. காற்றை உறிஞ்சும் பம்ப் உள்ளது என்றால் பொதியும் காய்ந்தே வரும். ஆனால் விலை பல மடங்கு, டிஸ்டில்டு வாட்டர் வேண்டும், சீரான மின்சாரம் வேண்டும், பழுதானால் ஆள் கோயம்புத்தூரிலிருந்து மலையேறி வர வேண்டும். பல் மருத்துவருக்கும் தினம் சின்ன ஆபரேஷன் நடக்கும் இடத்துக்கும் அந்தச் செலவு தகும். வாரத்துக்கு நாலு தையல் போடும் டிஸ்பென்சரிக்குத் தேவையில்லை.

எதை வாங்கினாலும் நடந்ததைச் சோதிக்க வழி வேண்டும். கோடு கறுக்கும் டேப், பொதி சூட்டைப் பார்த்தது என்று மட்டும்தான் சொல்லும். சூடு, நேரம், நீராவி மூன்றும் சேர்ந்தால் மட்டும் நிறம் முழுதாக மாறும் இண்டிகேட்டர் பட்டை ஒன்றைப் பொதியின் நடுவில் வையுங்கள். அதோடு வாரம் ஒருமுறை உயிருள்ள ஸ்போர் அடைத்த குப்பியை உள்ளே வைத்து எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனையும் வேண்டும். மலையில் அழுத்தக் கணக்கை மாற்றி ஓட்டுகிறோம் என்பதால் இந்தச் செலவு நமக்குச் சமவெளிக்காரர்களை விட அவசியம்.

உயரம் பாதிக்காத ஒரு முறை

உலர் சூட்டு அடுப்பை யாரும் அதிகம் நினைப்பதில்லை. 160 டிகிரியில் 2 மணி நேரம் அல்லது 170 டிகிரியில் 1 மணி நேரம். காற்றழுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தொட்டபெட்டா உச்சியில் வைத்தாலும் 160 என்றால் 160தான். கத்தரி துருப்பிடிக்காது, கூர் மழுங்காது, பொதி ஈரமாகும் தொல்லையும் இல்லை. ஆனால் காஸ் துணி, பஞ்சு, ரப்பர் எதையும் வைக்க முடியாது, நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். உலோகக் கருவிகள் மட்டும் வைத்திருந்து, டிரெஸ்ஸிங்கை ரெடிமேடாக வாங்கிக்கொள்ளும் இடத்துக்கு இது நல்ல ஜோடி.

வெளியே அனுப்புவது, பாக்கெட்டாக வாங்குவது

பெரிய மருத்துவமனையோடு பேசி, டிரம்மை அங்கே அனுப்பி நீராவியில் வைத்து வாங்கும் ஏற்பாடு சில இடங்களில் நடக்கிறது. நல்ல தரத்தில் வரும். நான் தயங்குவது பாதைக்காக. 2009 நவம்பர் மண்சரிவில் நீலகிரியில் பாதைகள் துண்டாகிப் போனதையும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும் இங்கே யாரும் மறக்கவில்லை. பாதை அடைபடும் நாளில்தான் காயத்தோடு ஆட்கள் வருவார்கள். மாற்று வழி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ரெடிமேட் பாக்கெட்டுகள் வீட்டுப் பராமரிப்புக்கென்றே அமைந்தவை போல இருக்கின்றன. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்குப் பிறகு படுக்கையில் இருப்பவர்களை வீட்டிலேயே போய்ப் பார்ப்பது கூடியிருக்கிறது. பையோடு ஜீப்பிலும் நடையிலும் போகும் ஒரு நர்ஸால் டிரம்மைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. உறை கிழியாமல், நனையாமல், தேதி கடக்காமல் இருந்தால் பாக்கெட்டை நம்பலாம். பைக்குள் மழை இறங்காத ஒரு மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.

கழிவைப் பற்றியும் யோசித்தாக வேண்டும். பிளாஸ்டிக்கை ஒதுக்கிப் பல ஆண்டுகளாகப் பழகிய மாவட்டம் நம்முடையது, பாக்கெட்டோடு பிளாஸ்டிக்கும் சேர்ந்து வருகிறது. சீழ் நனைந்த பஞ்சை மஞ்சள் பையில் போட்டு 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது 2016 விதி. வீட்டில் கட்டிய கட்டைக் குழு திரும்ப எடுத்துக்கொண்டு வர வேண்டும். தோட்டத்து ஓடையோரம் அது போய் விழக் கூடாது.

வீட்டில் தினமும் கட்டு மாற்றுபவர்களுக்கு

நர்ஸ் வாரம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாட்களில் மருமகளோ மகனோதான் புண்ணைக் கழுவுவார்கள். நாள்பட்ட படுக்கைப் புண்ணுக்கு ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் தேவையில்லை, நல்ல வீட்டுச் சுத்தம் போதும் என்பதை அவர்களுக்குச் சொல்லிப் பயத்தைப் போக்க வேண்டும். கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, அதில் கழுவலாம். பழைய பருத்தி வேட்டியையோ புடவையையோ துவைத்து, வெட்டி, துணி மூட்டையாகக் கட்டி, தண்ணீர் தொடாமல் தட்டின் மேல் வைத்துக் குக்கரில் அவிக்கலாம். வீட்டுக் குக்கரின் வெயிட்டும் சுமார் 15 பவுண்டுக்கானதுதான், எனவே ஊட்டி உயரத்தில் முதல் விசிலுக்குப் பிறகு அடுப்பைக் குறைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கச் சொல்கிறேன். புதிதாகத் தையல் போட்ட காயம், ஆழமான குழிப்புண், டியூப் மாற்றுவது ஆகியவற்றுக்கு இது போதாது, பாக்கெட்தான்.

கைக்கு என்ன? அழுக்கு தெரியாத கையென்றால் ஆல்கஹால் ஹேண்ட்ரப்பை 20, 30 விநாடி தேய்ப்பது சோப்பு போடுவதை விட மலையில் நடைமுறைக்கு ஒத்து வரும். குளிர்ந்த தண்ணீருக்குப் பயந்து கையே கழுவாமல் விடுவதை அது தடுக்கும். கையில் சீழோ மலமோ பட்டிருந்தால் சோப்பும் தண்ணீரும்தான். தண்ணீர் சூடாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

வாங்கப் போகும்போது

அடுப்பு ஆட்டோகிளேவ் என்று முடிவு செய்தால் கடையில் மூன்று விஷயம் கேளுங்கள். வால்வு எத்தனை பவுண்டில் திறக்கும், 20 வரையாவது தாங்கும் என்று எழுத்தில் தருவார்களா? மீட்டர் தனியாகக் கழற்றி மாற்றக்கூடியதா? கேஸ்கெட் அதே அளவில் தனியாகக் கிடைக்குமா? கேஸ்கெட்டை அன்றே இரண்டு கூடுதலாக வாங்கிவிடுங்கள். மேட்டுப்பாளையம் பாதை மூடிய வாரத்தில் அது கிழிந்தால் வேறெங்கும் கிடைக்காது.